மூழ்குவது வேறு, கவிழ்வது வேறு: கப்பல் விபத்துகளில் நிமிடங்களின் கணக்கு

பயணிகள் கப்பல் விபத்து என்று செய்தி வந்தால் வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்ததாமே, பிறகு எப்படி இத்தனை பேர் இறந்தார்கள்? கடல் அமைதியாக இருந்ததாமே, கப்பல் ஏன் சாய்ந்தது? படத்தில் உயிர்காப்புப் படகுகள் வரிசையாகத் தொங்குகின்றனவே, அவற்றை ஏன் இறக்கவில்லை?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போகவிடாமல் நம்மை வழிமறித்து நிற்பது டைட்டானிக். கப்பல் விபத்து என்றாலே, மெல்லத் தலை தாழ்த்தி, ஏறக்குறைய நிமிர்ந்தபடியே, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு மூழ்கும் ஒரு பெரிய கப்பல்தான் நம் மனதில் தோன்றுகிறது. உயிர்களை அள்ளிக்கொண்டு போன விபத்துகள் பலவற்றில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பது பழமொழி. அதைச் சொன்னவர் 'மூழ்கினாலும்' என்று சொல்லவில்லை; 'கவிழ்ந்தாலும்' என்றார். தற்செயலோ பட்டறிவோ, சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மூழ்குவது என்றால் உள்ளே நீர் ஏறி, எடை கூடி, கப்பல் தாழ்ந்துகொண்டே போவது. கவிழ்வது என்றால் நிமிர்ந்து நிற்கும் திறனை இழந்து பக்கவாட்டில் புரண்டுவிடுவது. முதலாவதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். இரண்டாவது நிமிடங்களில், சில சமயம் நொடிகளில் முடிந்துவிடுகிறது.

கப்பல் எப்படி நிமிர்ந்து நிற்கிறது?

1. மிதப்பு. கப்பல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடைக்கு ஈடான விசை அதை மேல்நோக்கித் தாங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இது. இரும்புக் கப்பல் மிதக்கக் காரணம் அதன் உட்பகுதியில் பெரும்பங்கு காற்று என்பதுதான். அந்தக் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் கப்பல் தாழும்.

2. இரண்டு மையங்கள். கப்பலின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி ஈர்ப்பு மையம். நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் வடிவத்துக்கு நடுப்புள்ளி மிதப்பு மையம். எடை முதல் புள்ளி வழியாகக் கீழே இழுக்கும். மிதப்பு விசை இரண்டாவது புள்ளி வழியாக மேலே தள்ளும். கப்பல் ஒருபக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் அதிகப் பகுதி நீருக்குள் அமிழ்வதால், மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும். இந்த நகர்வுதான் கப்பலை மறுபடி நிமிர்த்துகிறது.

3. மெட்டாசென்டர். சாய்ந்த நிலையில் மிதப்பு விசை செல்லும் கோடு, கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு இந்தப் பெயர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருக்கும்வரை கப்பல் நிமிரும். ஈர்ப்பு மையம் இதைத் தாண்டி மேலே போய்விட்டால், சாய்ந்த கப்பல் மேலும் சாயும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமே கப்பலின் நிலைத்தன்மைக்கு அளவுகோல். பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746இல் இதைக் கணக்காக எழுதிவைத்தார்.

அந்த உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். அது மிக அதிகமானால் கப்பல் வெடுக்கென்று நிமிரும். பயணிகள் தூக்கி எறியப்படுவார்கள், சரக்கைக் கட்டிய சங்கிலிகள் அறும். வடிவமைப்பாளர் இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடித்தாக வேண்டும்.

பூகேயின் கணக்கு வருவதற்கு முன் கப்பல் கட்டியவர்கள் கைப்பழக்கத்தையும் அனுமானத்தையும்தான் நம்பினார்கள். சுவீடன் அரசரின் வாசா என்ற போர்க்கப்பலில் இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள். கப்பல் துறையில் நின்றபோதே 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதற்கே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, சோதனையை நிறுத்தச் சொன்னார் கடற்படைத் தளபதி. பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் கிளம்பிய வாசா சுமார் 1,300 மீட்டர் போனதும், பலமில்லாத ஒரு காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சன்னல்கள் வழியே நீர் புகுந்து போய்விட்டது. புயலும் இல்லை, பாறையும் இல்லை. எடை உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஒரு கப்பல் 'இத்தனை ஆயிரம் டன்' என்று செய்தியில் வரும்போது அது எடை என்று பலர் எண்ணுகிறார்கள். பயணிகள் கப்பல்களுக்குச் சொல்லப்படும் மொத்த டன் கணக்கு அதன் மூடிய உட்பகுதியின் கொள்ளளவைக் குறிப்பது. டைட்டானிக் 46,328 டன்; 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 2,48,000 டன். ஐந்து மடங்கு இடவசதி என்றுதான் இதற்குப் பொருள். இருபது மாடிக் கட்டடம்போல் நிற்கும் இத்தகைய கப்பல்கள் கவிழாமல் இருப்பதற்குக் காரணம், அகலமான உடலும், அடியில் வைக்கப்பட்ட எந்திரங்கள், எரிபொருள், நீர்த்தொட்டிகள் ஆகியவற்றின் பாரமும், மேலே போகப்போக எடை குறைந்த கட்டுமானமும்தான். பார்வைக்குத் தெரியும் உயரம் வேறு, எடை குவிந்திருக்கும் உயரம் வேறு.

குறைகுடத்தின் கணக்கு

நிறைகுடம் தளும்பாது என்பதைக் கப்பல் பொறியியலின் முதல் பாடமாகவே வைக்கலாம். முழுவதும் நிரம்பிய தொட்டியில் நீர் நகர இடமில்லை; அது ஒரு கட்டியான எடைபோல நடந்துகொள்ளும். பாதி நிரம்பிய தொட்டியில், கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நீர் ஓடும். ஓடிய நீர் சாய்வைக் கூட்டும். கூடிய சாய்வு இன்னும் நீரை இழுக்கும்.

இதில் பயமுறுத்துவது அகலத்தின் பங்கு. தளும்பும் நீரால் வரும் நிலைத்தன்மை இழப்பு, நீர்ப்பரப்பின் அகலத்துடைய மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அகலம் இரு மடங்கானால் பாதிப்பு எட்டு மடங்கு. அதே தொட்டியை நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கினால், மொத்தப் பாதிப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். ஒரு பெரிய தட்டில் விரலளவு நீர் ஊற்றிக் கையில் ஏந்தி நடந்து பார்த்தவர்களுக்குச் சூத்திரம் தேவையில்லை.

இனி, கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, தடுப்பே இல்லாத ஒரு மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். லாரிகளும் கார்களும் ஒரு கதவு வழியே ஏறி மறு கதவு வழியே இறங்குவதற்காகக் கட்டப்பட்ட ஃபெர்ரிகளின் வாகனத் தளம் அதுதான். வணிகத்துக்கு அருமையான ஏற்பாடு. அதே தளத்தில் அரை அடி நீர் புகுந்தால், அது ஊரளவு அகலமான குறைகுடம்.

இதற்கு எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. 1953 ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இடையே பிரின்சஸ் விக்டோரியா என்ற ஃபெர்ரியின் பின்கதவை அலை சிதைத்தது. வாகனத் தளத்தில் நீர் தேங்கிக் கப்பல் சாய்ந்து போனது. பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாடம் கண்முன் இருந்தது. வாகனத் தளத்தைப் பிரிக்கும் தடுப்புகள் வரவில்லை, ஏனெனில் தடுப்பு வைத்தால் வண்டிகளை ஏற்றி இறக்க நேரமாகும்.

34 ஆண்டுகள் கழித்து, 1987 மார்ச் 6 அன்று, பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி கிளம்பியது. முன்கதவு திறந்தே இருந்தது. அதை மூட வேண்டியவர் தன் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். கேப்டன் நிற்கும் இடத்திலிருந்து கதவு தெரியாது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் ஒரு விளக்கு வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் கப்பல்களிலிருந்து முன்பே கோரிக்கை போயிருந்தது. நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. கப்பல் வேகமெடுத்ததும் முன்னால் எழுந்த அலை நேராக உள்ளே பாய்ந்தது. சாயத் தொடங்கியதிலிருந்து சுமார் ஒன்றரை நிமிடத்தில் கப்பல் பக்கவாட்டில் படுத்துவிட்டது. அது விழுந்த இடம் மணல்திட்டு; உடலில் பாதி நீருக்கு மேலேயே இருந்தது. அப்படியிருந்தும் 193 பேர் இறந்தார்கள். 'கரை தெரிந்ததே' என்ற முதல் கேள்விக்கு இதைவிடக் கசப்பான விடை கிடையாது. விசாரணை அறிக்கை, மேலிருந்து கீழ்வரை அந்த நிறுவனம் முழுவதையும் அலட்சியம் ஒரு நோயாகப் பிடித்திருந்தது என்று குறிப்பிட்டது.

1994 செப்டம்பர் 28 அதிகாலையில், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் நோக்கிச் சென்ற எஸ்டோனியா என்ற ஃபெர்ரியின் முன்முகப்பு மூடியே அலையடியில் கழன்றது. 989 பேரில் 852 பேர் மாண்டார்கள். உறக்கத்திலிருந்து எழுந்தவர்கள் மேல்தளம் போய்ச் சேர்வதற்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். சாய்வு 30 டிகிரியை நெருங்கினாலே நடைபாதை வழுக்குச்சரிவாகிறது. அதைத் தாண்டினால் சுவரில் நடக்கவேண்டியிருக்கும், படிக்கட்டு பயன்படாத பொருளாகிவிடும். வெளியே போகும் வழி தெரிந்தவரும் போக முடியாது.

நீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. 2006 பிப்ரவரி 2 இரவு செங்கடலில் அல் சலாம் பொக்காச்சியோ 98 என்ற ஃபெர்ரியின் வாகனத் தளத்தில் தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய நீர் வடிகால்கள் வழியே வெளியேறாமல் அங்கேயே தேங்கியது. தீயணைப்பு நீரே கப்பலைக் கவிழ்த்தது; சுமார் 1,400 பேரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். 1942இல் நியூயார்க் துறையில் கட்டிப்போட்டிருந்த நார்மண்டி என்ற பெரிய கப்பலும் இதேபோலத் தீயணைப்பு நீரின் பாரத்தில் படுத்துப்போனது. 64 ஆண்டு இடைவெளி, ஒரே தவறு.

டைட்டானிக் ஏன் விதிவிலக்கு?

டைட்டானிக்கின் உடல் குறுக்குத் தடுப்புச் சுவர்களால் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்குப் பனிப்பாறை உரசியபோது, முன்புறத்தில் கப்பல் தாங்கக்கூடியதைவிட அதிகமான அறைகள் திறந்துகொண்டன. தடுப்புச் சுவர்கள் மேல்வரை எட்டவில்லை. வரப்பு தாழ்வாக உள்ள வயலில் ஒரு பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்கு வழிவதுபோல, நீர் அறை அறையாகத் தாண்டியது. ஆனால் சுவர்கள் குறுக்குவாக்கில் இருந்ததால் நீர் இருபக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவியது. கப்பல் முன்னால் தாழ்ந்தது, பக்கவாட்டில் அதிகம் சாயவில்லை. மூழ்கியது பின்னிரவு 2.20க்கு. கிடைத்தது 160 நிமிடம்.

படகுகளில் 1,178 பேருக்கு இடம் இருந்தது; கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200. இந்தப் பற்றாக்குறை எல்லோருக்கும் தெரியும். பிழைத்தவர்கள் சுமார் 710 பேர்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: 450க்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகவே போயின. 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு 12 பேருடன் இறங்கியது. கப்பல் நிமிர்ந்து நின்றதால் பயணிகளுக்கு ஆபத்து உறைக்கவில்லை. விளக்கெரியும் கப்பலைவிட்டு இருட்டில் தொங்கும் படகில் ஏற யாருக்குத்தான் மனம் வரும்? நீரில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சுத்திணறி இறக்கவில்லை, உறைநிலையில் இருந்த நீரின் குளிரில் இறந்தார்கள்.

உலகம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், எல்லோருக்கும் படகு வேண்டும் என்பது. சரியான பாடம், ஆனால் பாதிப் பாடம். மீதிப் பாதி அடுத்த மூன்று ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.

1. எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து, 1914 மே 29. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், மூடுபனியில், ஒரு நிலக்கரிக் கப்பல் பக்கவாட்டில் குத்தியது. படகுகள் போதுமான அளவு இருந்தன. ஆனால் கப்பல் உடனே வலப்புறம் சாய்ந்தது. காற்றுக்காகத் திறந்துவைத்த வட்டச் சன்னல்கள் நீருக்குள் போயின. இடப்புறப் படகுகளைச் சரிவுக்கு எதிராக இறக்க வழியில்லை. 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. 1,477 பேரில் 1,012 பேர் இறந்தார்கள்.

2. லூசிட்டானியா, 1915 மே 7. போர்க்காலத்தில் டார்பிடோவால் தாக்கப்பட்ட கப்பல். பக்கங்களில் நீளவாக்கில் அமைந்த நிலக்கரி அறைகள் நீரை ஒரே பக்கத்தில் பிடித்து வைத்தன. நீளச் சுவர் தளும்பலைக் குறைக்கும் என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம் இது. 48 படகுகளில் ஒழுங்காக இறக்கப்பட்டவை 6. நேரம் 18 நிமிடம்.

3. ஈஸ்ட்லேண்ட், 1915 ஜூலை 24. இதுதான் மூன்றிலும் விசித்திரமானது. சிகாகோ ஆற்றில், கரையில் கட்டப்பட்ட நிலையிலேயே, சுமார் 6 மீட்டர் ஆழ நீரில், 2,500க்கும் மேற்பட்டோருடன் புரண்டது. 844 பேர் இறந்தார்கள். ஏற்கெனவே மேல்பாரம் மிகுந்த கப்பல் என்று பெயரெடுத்த அதில், டைட்டானிக்குக்குப் பிறகு வந்த படகு விதிகளுக்காக மேல்தளத்தில் கூடுதல் படகுகளும் மிதவைகளும் ஏற்றப்பட்டிருந்தன. உயிர்காக்க வந்த பாரமும் ஈர்ப்பு மையத்தை உயர்த்தியது.

எதிர்த்திசைச் சான்று ஒன்றும் உண்டு. 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டக்கெட் தீவருகே மூடுபனியில் ஆண்ட்ரியா டோரியா என்ற பயணிகள் கப்பலை ஸ்டாக்ஹோம் என்ற கப்பல் குத்தியது. சில நிமிடங்களில் சாய்வு 20 டிகிரியைத் தாண்டியதால் ஒரு பக்கத்துப் படகுகள் முழுவதும் பயனற்றுப்போயின. அதனால் டைட்டானிக்கைப்போலவே இங்கும் படகு பற்றாக்குறை. ஆனால் கப்பல் புரளாமல் சுமார் 11 மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதற்குள் இல் தெ பிரான்ஸ் உள்ளிட்ட கப்பல்கள் வந்துவிட்டன. 46 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோதிய கணத்திலேயே. 1,600க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். பாதிப் படகுகளே பயன்பட்டும் பிழைத்தார்கள் என்றால், கடிகாரம் அவர்கள் பக்கம் இருந்தது.

அதற்கு முந்தைய கடல்

கவிழ்வது முதன்மையான அச்சமாக மாறியது நீராவிக்கும் இரும்புக்கும் பிற்பட்ட கதை. பாய்மரக் காலத்தில் நீண்ட பயணம் போனவர்களைக் கொன்றது பெரும்பாலும் நோய். வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி உடல் அழுகும் ஸ்கர்வி மாலுமிகளை வாரிக்கொண்டு போனது. 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளிடம் ஆறு விதமான மருந்துகளைச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் தேறியதைக் கண்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்க 1795 ஆயிற்று. விடை கிடைத்தும் 48 ஆண்டுகள்.

நெருக்கடியாக அடைக்கப்பட்டவர்களின் கதை இன்னும் கொடியது. அட்லாண்டிக் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் வழியிலேயே மாண்டார்கள் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. அவர்களைப் 'பயணிகள்' என்று சொல்ல நா கூசுகிறது. ஆனால் கடல்வழி மரணங்களின் கணக்கில் அவர்களை விட்டுவிட்டு எழுதுவது பொய்க்கணக்கு. 1847இல் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கிளம்பியவர்களை டைஃபஸ் காய்ச்சல் தொடர்ந்து வந்தது. கனடாவின் கிராஸ் தீவில் மட்டும் அந்த ஆண்டு 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள்.

அடுத்தது திசை. 1707இல் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நான்கு சில்லித் தீவுகளின் பாறைகளில் நொறுங்கின. 1714இல் தீர்க்கரேகையைக் கடலில் கண்டறியும் வழிக்கு நாடாளுமன்றம் பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசனின் கடிகாரங்கள் அதற்கு விடையாக வந்தன.

பிறகு நெருப்பு. 1865இல் மிசிசிப்பி ஆற்றில், 376 பேருக்கு அனுமதி பெற்ற சுல்தானா என்ற நீராவிக் கப்பல் 2,000க்கும் மேற்பட்டோரைச் சுமந்து போகையில் கொதிகலன்கள் வெடித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1904இல் நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் ஜெனரல் ஸ்லோக்கம் எரிந்தபோது தீயணைப்புக் குழாய்கள் உளுத்துக் கிழிந்தன, மிதவை அங்கிகளின் கார்க்கு மக்கிப் பொடியாகியிருந்தது. 1,021 பேர் இறந்தார்கள். அங்கிகள் எண்ணிக்கையில் சரியாகவே இருந்தன.

விதிகள் எதை அளக்கின்றன?

அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்களை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால். அவர் முயற்சியால் 1876இல், கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு வரையப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் கோட்டுக்கு மேல் நீர் ஏறினால் பாரம் அதிகம். கோட்டை எங்கே வரைவது என்பதை மட்டும் உரிமையாளரிடமே விட்டிருந்தார்கள்! 1890இல்தான் அந்த இடத்தைச் சட்டம் நிர்ணயித்தது.

டைட்டானிக்குக்குப் பிறகு 1914இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகப்போரால் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 1974ஆம் ஆண்டு வடிவம் இன்றுவரை தொடர்கிறது. உயிர்காப்புப் படகுகளை 20 டிகிரி சாய்வுவரை இறக்க முடியவேண்டும் என்று அது கேட்கிறது. அதற்கு மேல் சாய்ந்தால் என்ன என்பதற்குப் படகில் விடையில்லை. கப்பலின் வடிவமைப்பில்தான் தேடவேண்டும். ஹெரால்ட் விபத்துக்குப் பிறகு நிறுவனங்களின் நிர்வாகப் பொறுப்பை வரையறுக்கும் விதித்தொகுப்பு வந்து, 1998இல் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயமானது. எஸ்டோனியாவுக்குப் பிறகு வட ஐரோப்பிய நாடுகள், வாகனத் தளத்தில் அரை மீட்டர்வரை நீர் நின்றாலும் கப்பல் கவிழக்கூடாது என்று விதித்தன. 2010 ஜூலைக்குப் பிறகு கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்கள், குறிப்பிட்ட அளவு தீயோ நீரோ தாக்கினாலும் தம் சொந்த எந்திரத்திலேயே துறைமுகம் திரும்ப வேண்டும். படகில் ஏற்றுவதைவிடக் கப்பலையே படகாக வைத்திருப்பது நல்லது என்ற முடிவுக்கு வர நூறாண்டு ஆகியிருக்கிறது.

விதி எட்டாத இடம்

இத்தனை விதிகள் இருந்தும் ஆயிரக்கணக்கில் இறப்பு எங்கே நடக்கிறது? பன்னாட்டு ஒப்பந்தம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் கப்பல்களுக்கானது. ஒரே நாட்டின் தீவுகளுக்கும் துறைகளுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரிகளை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் ஆளுகிறது.

டோனா பாஸ் 1963இல் ஜப்பானில் 608 பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. பிலிப்பைன்ஸுக்கு விற்கப்பட்டு, மாற்றியமைக்கப்பட்டு, 1,518 பேருக்கு அனுமதி பெற்றது. 1987 டிசம்பர் 20 இரவு எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதித் தீப்பற்றியபோது பயணிகள் பட்டியலில் 1,493 பெயர்கள் இருந்தன. இறந்தவர்கள் 4,300க்கும் மேல்; பிழைத்தவர்கள் 26 பேர். போரில்லாக் காலத்தின் மிகப் பெரிய கடல் விபத்து இது. டைட்டானிக்கைப்போல் மூன்று மடங்கு அளவிலான இந்தத் துயரத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

செனகலின் லெ ஜூலா சுமார் 580 பேருக்கானது. 2002 செப்டம்பர் 26 இரவு அதில் 1,900க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், மேல்தளங்களில் நெருக்கியடித்துக்கொண்டு. மனிதர்களும் எடைதான், மேலே நிற்கும் எடை. காற்றும் மழையும் வந்தபோது சில நிமிடங்களில் புரண்டது. 1,863 பேர் இறந்தார்கள், 64 பேர் பிழைத்தார்கள்.

தென்கொரியாவின் சேவோல் இன்னொரு பழைய ஜப்பானியக் கப்பல். வாங்கியபின் மேலே கூடுதல் அறைகள் கட்டப்பட்டன. விசாரணையின்படி, 987 டன் அனுமதிக்கப்பட்ட இடத்தில் 2,142 டன் சரக்கு ஏறியிருந்தது. பாரக்கோடு நீருக்குள் போய்க் குட்டு வெளிப்படாமல் இருக்க, கப்பலின் அடியில் நிலைத்தன்மைக்காக வைக்கப்படும் பாலஸ்ட் நீரைக் குறைத்துவிட்டார்கள். கோடு சரியாக இருந்தது. அடிப்பாரம் குறைந்து மேல்பாரம் கூடியிருந்தது. பிளிம்சாலின் கோடு எடையை அளக்கும். அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. கப்பல் மூழ்காது என்று கோடு சான்று தரும்போதே அது கவிழத் தயாராக இருக்கலாம்.

'இருந்த இடத்திலேயே இருங்கள்'

2014 ஏப்ரல் 16 காலை ஒரு திருப்பத்தில் சேவோல் சாய்ந்தது. கட்டப்படாத சரக்கு ஒருபக்கம் சரிந்தது. முதல் அவசர அழைப்பைச் செய்தது கப்பலில் இருந்த ஒரு மாணவன், காலை 8.52க்கு. பயணிகள் தங்கள் இடத்தைவிட்டு நகரவேண்டாம் என்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப ஒலித்தது. கேப்டனும் மாலுமிகளும் வெளியேறினார்கள். 476 பேரில் 304 பேர் இறந்தார்கள்; அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

அந்த அறிவிப்பு முட்டாள்தனமானது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் கப்பலில் அது சரியான உத்தரவு: கூட்டம் முண்டியடிக்காது, எடை ஒரு பக்கம் திரளாது, படகுகள் ஒழுங்காக நிரம்பும். சாயும் கப்பலில் அதே உத்தரவு மரண தண்டனை, ஏனெனில் ஒவ்வொரு டிகிரியும் வெளியேறும் வழியில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டே வருகிறது. எந்த வகை விபத்தில் இருக்கிறோம் என்று முதல் சில நிமிடங்களில் கண்டுபிடிப்பதுதான் கேப்டனின் வேலை.

2012 ஜனவரி 13 இரவு 9.45 அளவில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியாவில், கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளி, ஆழமற்ற இடத்தில் சாய்த்து நிறுத்தியது. 4,200க்கும் மேற்பட்டோரில் 32 பேர் இறந்தார்கள். ஆழ்கடலாக இருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். அன்று மாலை சிவிடவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானோர் பாதுகாப்பு ஒத்திகையில் இன்னும் கலந்துகொண்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. மோதலோ, கப்பல் புறப்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் நடந்தது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும்.